மிரிஸ்ஸவில் தெரியும் நீலத் திமிங்கலம் ராமேஸ்வரத்தில் ஏன் தெரிவதில்லை?

மதிவதனி_கோவை | ஞாயிறு, இரவு 9:12

போன மார்ச்சில் இலங்கை போயிருந்தோம். மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காலை ஆறரைக்குப் படகு. கரை மறைந்து கொஞ்ச நேரம் கழித்து, படகுப் பையன் கை நீட்டிய திசையில் முதலில் ஒரு வெள்ளை ஆவித் தூண் மட்டும் எழுந்தது. அப்புறம் முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் வந்தது. கடைசியில் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சின்னத் துடுப்பு ஒன்று. பிறகு வால் மேலே எழுந்து, தண்ணீர் வழிய வழிய நேராக உள்ளே போனது. மூச்சு விட மறந்து நின்றோம்.

எட்டாவது படிக்கும் என் மகள் திரும்பி வரும் வழியில் கேட்டாள்: "இதுவும் ராமேஸ்வரமும் ஒரே கடல்தானே அம்மா, அங்கே ஏன் இது வருவதில்லை?" படகில் வந்த வழிகாட்டி, அண்டார்டிகாவிலிருந்து குட்டி போட வருகின்றன என்றார். அப்படியென்றால் ஏன் சரியாக அந்த இடத்துக்கு? எனக்கும் பதில் தெரியவில்லை. கடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

நெய்தல்_ஆய்வு | ஞாயிறு, இரவு 10:40

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். நான் கடலியல் ஆய்வு மாணவி, என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ஆழம். பாக் நீரிணையில் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. ராமர் பாலத் திட்டுகளில் ஆள் நடக்கும் ஆழம்கூட உண்டு. 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள விலங்கு அங்கே தலைகீழாகப் பாயவே முடியாது. மிரிஸ்ஸவுக்கும் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கும் எதிரிலோ, கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கடல் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குச் சரிந்துவிடுகிறது. காலையில் கிளம்பிய சுற்றுலாப் படகு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட முடிவது அதனால்தான். சென்னையில் அதே ஆழத்தைத் தொட ஆழம் குறைந்த கண்டத்திட்டு முழுவதையும் தாண்டி வெகுதூரம் போக வேண்டும்.

ஆனால் ஆழம் மட்டும் போதாது. நடுக்கடலெல்லாம் ஆழம்தான், அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. நீலத் திமிங்கலம் வாயைத் திறந்து பாய்ந்து, தன் உடம்பு அளவுக்குத் தண்ணீரை வாரி, வடிகட்டித் தின்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஏகப்பட்ட சக்தி செலவாகும். இரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கட்டுப்படியாகாது. எறும்புப் புற்று மாதிரி நெருக்கமாக இருக்க வேண்டும். இரை எங்கே அப்படி நெருங்கும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் கடலடியின் வடிவமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தென்கரையை ஒட்டிக் கிழக்கு நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக விலகும். இங்கே வலப்பக்கம் என்றால் தெற்கு, அதாவது கரையை விட்டு வெளியே. விலகிய நீரின் இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. மேலிருந்து செத்து விழுந்ததெல்லாம் மக்கிய உரம் அதில் இருக்கிறது. வெயிலும் உரமும் சேர்ந்தால் மிதவைப் பாசி பெருகுகிறது, அதைத் தின்று சிறு இறால்கள் பெருகுகின்றன.

அந்த வழிகாட்டி சொன்னது மற்ற இடத்து நீலத் திமிங்கலங்களுக்குப் பொருந்தும். அவை குளிர்கடலில் தின்றுவிட்டு வெப்பக்கடலில் ஈனும். இலங்கையைச் சுற்றி இருப்பவை அப்படி அண்டார்டிகா போய் வருபவை அல்ல, ஆண்டு முழுக்க இந்த வெப்பக்கடலிலேயே மேய்கின்றன. 2003-ல் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் ஆய்வுக் கப்பல் ஒன்றில் போகும்போது ஆறு நீலத் திமிங்கலங்கள் கூடியிருந்த இடத்தில் செங்கல் நிறக் கழிவு மிதப்பதைப் பார்த்தார். தின்னாமல் கழிவு வராது. வெப்பக்கடலில் இவை பட்டினி கிடக்கும் என்ற பாடப்புத்தகக் கருத்து இந்தக் கடலுக்குப் பொருந்தவில்லை என்று அவருக்குப் புரிந்தது அங்கேதான். பிறகு அந்தக் கழிவிலுள்ள மரபணுவைச் சோதித்தபோது, தென்கடலில் தின்னும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைவிட இங்கே கூனிறால் குடும்பத்தைச் சேர்ந்த இறால்களையே அதிகம் தின்பது தெரிந்தது. சந்தையில் கூனிப்பொடி வாங்குகிறோமே, அதற்கு உறவுக்காரர்கள்.

குளச்சல்_கட்டுமரம் | திங்கள், காலை 6:25

தங்கச்சி சொல்வதை எங்கள் ஊரில் வேறு சொல்லில் சொல்வோம். நீரோட்டத்துக்கு எங்களிடம் நீவாடு என்று பேர். வடக்கிலிருந்து வந்தால் வாநீவாடு, தெற்கிலிருந்து வந்தால் சோநீவாடு. எது ஓடுகிறது என்று பார்த்துத்தான் எங்கே வலை விடுவது என்று எங்கள் அப்பா முடிவு செய்வார். வலைக் கயிற்றைக் கையில் பிடித்து, இழுப்பு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தண்ணீரைத் தொட்டுவிட்டு "ஆறிக் கிடக்கு, இன்னைக்கு மீன் உண்டு" என்பார். அடித்தண்ணீர் மேலே வந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்கு இப்போது புரிகிறது.

இன்று ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடுமிடம் பற்றி அறிவிப்பு அனுப்புகிறது. செயற்கைக்கோள் பார்த்த மேல்நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துத்தான் அதைப் போடுகிறார்கள். திமிங்கலம் தேடுகிற ஆய்வாளரும் அதே இரண்டைத்தானே பார்ப்பார்?

நெய்தல்_ஆய்வு | திங்கள், காலை 8:02

ஆமாம் அண்ணா, தொடக்கம் அதே இரண்டுதான். ஒரு வித்தியாசம் உண்டு. பச்சை தெரிந்த அன்றே திமிங்கலம் வராது. பாசி பெருக வேண்டும், அதைத் தின்று இறால் வளர வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், கலிபோர்னியா மாதிரி இடங்களில் மாதங்கள்கூட. அதற்குள் நீரோட்டம் எல்லாவற்றையும் வேறிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஆக, இன்றைய பச்சை வரைபடத்தில் திமிங்கலத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். போன மாதப் பச்சை எங்கே நகர்ந்தது, எந்தச் சரிவில் தேங்கியது என்று பார்க்க வேண்டும்.

கொட்டியாரம் | திங்கள், பிற்பகல் 2:15

பிள்ளைகள் கதைப்பதை வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. நான் திருகோணமலை. இருபது வருசம் வள்ளத்தில் போனவன், இப்போது வயசாகிவிட்டது, மகன் போகிறான்.

தெற்கை மட்டும் சொல்லாதேயுங்கோ. எங்கள் துறைமுக வாசலிலேயே பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி வந்து விழுகிற இடத்திலிருந்து கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு வெட்டிக்கொண்டு போகிறது. மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் என்கிறார்கள். கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, வள்ளத்தில் போனால் தெரியும். வெளிர் பச்சையாக இருக்கிற தண்ணீர் ஒரு இடத்தில் சடாரென்று கருநீலமாகும். அந்த எல்லையில் நுரையும் பாசியும் தேங்காய் மட்டையும் ஒரு கோடாக நீளக் கிடக்கும். எங்கள் ஐயா அந்தக் கோட்டிலேயேதான் போவார், குறுக்கே வெட்ட மாட்டார். சூரை பாய்வதும் ஓங்கில் (டால்பின்) துள்ளுவதும் அதிலேதான். பெரிய மூச்சுச் சத்தம் கேட்பதும் அதிலேதான். விடிய முன்னம், இருட்டில், எஞ்சினை நிறுத்திவிட்டு இருக்கும்போது அந்தச் சத்தம் வரும். பஸ் பிரேக்கில் காற்று விடுகிற மாதிரி, ஆனால் நெஞ்சுக்குள்ளே கேட்கும். பிறகு ஒரு மணம், அழுகிய மீனும் முட்டைக்கோசும் சேர்ந்த மாதிரி. அந்த மணம் வந்தால் கிட்ட இருக்கிறது என்று அர்த்தம், அசையாமல் இருப்போம்.

எங்களுக்கு அவை மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தெரியும். தெற்கில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை என்கிறார்கள். மே பிறந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் மிரிஸ்ஸவில் படகு இறக்க ஏலாது, எங்கள் பக்கம் கடல் படுத்துக் கிடக்கும். இதற்கு என்ன விளக்கம் தங்கச்சி?

நெய்தல்_ஆய்வு | திங்கள், இரவு 9:30

ஐயா, நான் இதைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். நீங்களே தொட்டுவிட்டீர்கள்.

'திமிங்கல சீசன்' என்று விளம்பரத்தில் போடுவது நாம் கடலுக்குப் போக முடிகிற சீசன். தென்கரையில் மேல்நீர் மிகவும் வளமாக, செயற்கைக்கோள் படத்தில் பச்சைப் பட்டையாகத் தெரிவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. அப்போதுதான் அலை ஆளுயரத்தைத் தாண்டும், ஒரு சுற்றுலாப் படகும் வெளியே போகாது. கண் போகாத மாதத்தில் எண்ணிக்கையும் இல்லை. அதை வைத்து 'மே மாதம் திமிங்கலம் போய்விடுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். படகு போன இடத்தின் வரைபடத்தைத் திமிங்கலம் இருக்கும் இடத்தின் வரைபடம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற தவறு. அந்த வரைபடத்தை வைத்துத்தான் பின்னால் கப்பல் பாதை, எண்ணெய்த் தேடல், மீன்பிடி எல்லை எல்லாம் பேசப்படுகின்றன.

திருகோணமலைக் கடலுக்கு வேறு காரணமும் உண்டு. சோளகக் காலத்தில் காற்று தீவைச் சுற்றிக்கொண்டு போகும்போது கிழக்கே ஒரு சுழிப்பை உண்டாக்குகிறது. அதனால் அங்கே கடலுக்குள் குளிர்நீர் குடை போல மேலெழும்புகிறது. கடலியலில் இதற்கு 'இலங்கைக் குவிமாடம்' என்றே பேர். சுற்றிலும் வங்கக் கடலின் நிலைமை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீர் மேலே மூடி போட்ட மாதிரி மிதக்கிறது, அடித்தண்ணீர் எளிதில் ஏறி வராது. அந்த மூடியை மீறி உரம் மேலே வருகிற சில இடங்களில் உங்கள் ஊர்க் கடலும் ஒன்று.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவில் மேல்நீரில் பச்சை குறைவுதான். இரை சரிவை ஒட்டி ஆழத்தில் இருக்கிறது. மதிவதனி அக்கா பார்த்தார்களே, வாலைத் தூக்கி நேராக இறங்கியது என்று. வேறு பல கடல்களின் நீலத் திமிங்கலங்களைவிட இலங்கையில் அது அடிக்கடி தெரியும். ஆழத்துக்கு இறங்குவதற்கான தோரணை அது.

சலாலா_செந்தில் | செவ்வாய், அதிகாலை 5:50

நான் ஓமானில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் கரீப் பருவம்தான் நினைவுக்கு வந்தது. ஜூலையில் மஸ்கட் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது சலாலாவில் தூறலும் பனிமூட்டமும். காலைக் கடலில் வைத்தால் சுரீர் என்று இழுக்கும். நீங்கள் சொல்கிற அதே கதைதான். தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி வீச, குளிர்நீர் மேலே வருகிறது. அந்தக் குளிர்ந்த நீர்மேல் படும் ஈரக்காற்றுதான் மூட்டமாகி மலையைப் பச்சையாக்குகிறது.

இதே நீரை நம்பி இங்கே கூனல் திமிங்கலக் கூட்டம் ஒன்று இருக்கிறது. உலகத்துக் கூனல் திமிங்கலங்கள் எல்லாம் துருவத்துக்கும் வெப்பக்கடலுக்கும் போய் வருபவை. இவை போவதே இல்லை. மரபணு ஆய்வின்படி ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாகத் தனித்துப் போனவை. ஓமான் கடலில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 82 என்றுதான் சொன்னது. 1966-ல் சோவியத் கப்பல்கள் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 240-ஐக் கொன்றிருக்கின்றன. இதே சோவியத் கப்பல்கள்தான் 1963-க்கும் 1966-க்கும் இடையில் வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களையும் கொன்றன. திமிங்கலங்கள் எங்கே கூடும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

குளச்சல் அண்ணாவுக்கு ஒன்று. 2017 நவம்பரில் மசீரா வளைகுடாவில் லூபான் என்ற பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். குந்திரிக்கத்துக்கு அரபியில் அதுதான் பேர். அரபிக்கடலைக் குறுக்கே கடந்து, இந்திய மேற்குக் கரையோரமாக இறங்கி, உங்கள் தென்முனைக் கடல்வரை வந்துவிட்டுத் திரும்பியது. உங்கள் ஊர்க்காரர்கள் வலை விரித்த இரவில் அது பக்கத்தில் போயிருக்கலாம் என்று நினைத்தால் சிலிர்க்கிறது.

குளச்சல்_கட்டுமரம் | செவ்வாய், காலை 7:10

தம்பி, இதை எங்கள் மாமாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

டொரண்டோ_வாசுகி | செவ்வாய், இரவு 11:05

எல்லோருக்கும் வணக்கம். நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன். நெய்தல் 'கப்பல் பாதை' என்று சொன்னதால் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வட அட்லாண்டிக்கில் ரைட் திமிங்கலம் என்று ஓர் இனம், இப்போது 400-க்கும் குறைவு. அவற்றின் உணவு அரிசி மணி அளவான, கொழுப்பு நிறைந்த, குளிர்நீரில் வாழும் ஒரு மிதவை உயிர். கோடையில் ஃபண்டி வளைகுடாவில் கூடும். அங்கே கப்பல்கள் இடிப்பதால் 2003-ல் கப்பல் பாதையையே நகர்த்தினார்கள். திமிங்கலத்துக்காக அப்படிச் செய்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. எல்லோரும் பெருமைப்பட்டோம்.

2010-க்குப் பிறகு, ஃபண்டியும் சேர்ந்த மெய்ன் வளைகுடாவின் அடிநீர் சூடேறியது. அந்த அரிசி மணிகள் அங்கே குறைந்தன. திமிங்கலங்கள் பழைய இடத்தை விட்டு வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போய்விட்டன. அங்கே அவற்றுக்கென்று வேகக் கட்டுப்பாடு இல்லை, நண்டுக் கூடுகளின் கயிறுகள் நிறைந்த கடல். 2017-ல் கனடா நீரில் மட்டும் 12 செத்து மிதந்தன. அந்தக் கோடை முழுக்கச் செய்தியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்டில்தான் பெரிய கப்பல்களுக்கு 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேக வரம்பு வந்தது.

வரைபடத்தில் கோடு போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கடல் மாறினால் திமிங்கலம் கோட்டுக்கு வெளியே போய்விடும்.

மேட்_சரவணன் | புதன், காலை 4:40

வணிகக் கப்பலில் செகண்ட் மேட். தேவேந்திரமுனையைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன். சூயஸுக்கும் மலாக்காவுக்கும் இடையில் ஓடும் கப்பல்கள் எல்லாம் அந்த முனையை உரசிக்கொண்டுதான் திரும்பும். ரேடாரில் வரிசை கட்டி நிற்கும். நெய்தல் சொன்ன ஆயிரம் மீட்டர் சரிவுக்கு நேர் மேலே போகிறது எங்கள் பாதை.

300 மீட்டர் கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில் நின்றால் மூக்குக்கு முன்னால் நெடுந்தூரம் கடலே தெரியாது. இடித்தாலும் ஒரு அதிர்வுகூட வராது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கண்டெய்னர் கப்பலின் மூக்கில் நீலத் திமிங்கலம் மடங்கித் தொங்கியது. துறைமுகத்துக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்த முனையில் என் காவல் நேரம் முன்பு போல் இல்லை.

வாசுகி அக்கா சொல்வது சரி. ஆனால் அதை வைத்துப் பாதையை நகர்த்துவதில் பயனில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 15 கடல்மைல், அதாவது 28 கிலோமீட்டர் தெற்கே தள்ளினால் இடிக்கும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நீண்ட பயணத்தில் அந்தச் சுற்று பெரிய செலவே இல்லை. எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022-லிருந்து தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே அனுப்புகிறது. எல்லாக் கப்பலுக்கும் கட்டாயமாக்க வேண்டுமென்றால் இலங்கை அரசு ஐ.நா.வின் கடல்சார் அமைப்பிடம் முன்மொழிய வேண்டும். அங்கேதான் நிற்கிறது.

டொரண்டோ_வாசுகி | புதன், காலை 8:15

தம்பி, நகர்த்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகர்த்தியாக வேண்டும். நகர்த்திய பிறகு கண்ணை எடுத்துவிடக் கூடாது என்கிறேன். ஃபண்டியில் எடுத்துவிட்டோம்.

நெய்தல்_ஆய்வு | புதன், இரவு 10:20

இரண்டு பேர் சொல்வதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஃபண்டித் திமிங்கலங்கள் நம்பியிருந்தது ஒரு குளிர்நீர் உயிரை. நீர் சூடானதும் அது போய்விட்டது. இலங்கையின் தெற்கில் இரையைக் கூட்டுவதில் பாதி வேலையைக் கடலடிச் சரிவு செய்கிறது. மேற்கிலும் கிழக்கிலும் கரையோரமாக வரும் நீரோட்டங்கள் தெற்கில் சந்தித்து வெளியே திரும்புவதும் தீவின் வடிவத்தால்தான். தீவும் சரிவும் நகராது. அந்த அளவுக்கு இங்கே போடும் கோடு ஃபண்டிக் கோட்டைவிட நிலையானது என்று நான் நம்புகிறேன்.

மற்றப் பாதியைச் செய்வது காற்று, அதில்தான் எனக்குப் பயம். மேற்கு இந்தியப் பெருங்கடல் 1901-லிருந்து 2012 வரை கோடைக்காலத்தில் 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் கணக்கிட்டது இது. அறுபது ஆண்டுகளில் அங்கே மிதவைப் பாசி 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாகவும் அவர்களே சொன்னார்கள். மேல்நீர் சூடானால் அது லேசாகி மூடி போல நிற்கும், அடியுரம் ஏறாது. செந்தில் அண்ணாவின் கூனல் திமிங்கலங்களுக்குப் போக வேறு இடமும் கிடையாது.

மதிவதனி_கோவை | வியாழன், இரவு 8:50

நான்கு நாளாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதைத்தான் படிக்கிறோம். மகள் ஒரு பழைய அட்லஸில் ஆயிரம் மீட்டர் கோட்டை நீலப் பென்சிலால் அழுத்தி வரைந்திருக்கிறாள். தேவேந்திரமுனையிலும் திருகோணமலையிலும் கோடு கரையைத் தொடுகிற மாதிரி வருகிறது. மன்னாரில் விலகிப் போகிறது. அதைப் பார்த்ததும் அவளுடைய முதல் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்.

இப்போது புதுக் கேள்வி: மற்றத் திமிங்கலமெல்லாம் குளிர்கடலுக்குப் போகும்போது இவை மட்டும் ஏன் இங்கேயே தங்கின?

நெய்தல்_ஆய்வு | வியாழன், இரவு 10:05

அட்லஸில் வடக்கே பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. பசிபிக்கும் அட்லாண்டிக்கும் வடக்கே ஆர்க்டிக் வரை திறந்திருக்கின்றன. நம் கடலை ஆசியா மூடிவிட்டது. வடக்கே போகக் குளிர்கடலே கிடையாது. அதே ஆசிய நிலம்தான் கோடையில் சூடாகி, குளிர்காலத்தில் ஆறி, காற்றையும் நீரோட்டத்தையும் வருடத்துக்கு இரண்டு முறை திருப்புகிறது. ஒரு பக்கம் உணவு ஓயும்போது இன்னொரு பக்கம் பெருகுகிறது. குளிர்கடலைத் தேடிப் போகாமலே அவை ஒரு வருடத்தை ஓட்டிவிட முடிகிறது.

கொட்டியாரம் | வெள்ளி, காலை 5:30

பிள்ளையை ஏப்ரலில் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. மகனின் வள்ளம் இருக்கிறது. அந்த நுரைக்கோட்டுக்குப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டு இருப்போம். விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும், அதை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கோ.